பழைய காரில் பொருந்தாத தகடுகள்: அரத்தை எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரைப் புதுப்பிக்கும்போது வெளித்தகடு மூன்று வழிகளில் கிடைக்கும். இன்னொரு காரிலிருந்து கழற்றியது, பழையதைப் பார்த்து அச்சு எடுத்துப் புதிதாக அடித்தது, கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த அசல் உதிரி. மூன்றில் எதுவுமே முதல் தடவையிலேயே போல்ட் துளைக்கு நேராக உட்காராது. அசல் உதிரியும் அப்படித்தான் என்பதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது. 1950, 60களில் பல தொழிற்சாலைகளில் பாடியைக் கையால்தான் பொருத்தினார்கள். ஷிம் எனும் மெல்லிய தகட்டுத் துண்டுகளை அடியில் வைத்தார்கள், கதவு ஓரத்தைத் தட்டினார்கள், மூட்டில் ஈயம் உருக்கி நிரப்பி அரத்தால் ராவினார்கள். அந்தக் கதவு அந்த ஒரு காருக்கு மட்டுமே உரியதாயிற்று. போர்ஷே 356இல் கதவு, முன் மூடி, எஞ்சின் மூடி ஆகியவற்றில் சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களைக் குத்தியிருப்பதும் இந்தக் காரணத்தால்தான். அதே மாடலின் இன்னொரு காரிலிருந்து வந்த கதவு, உங்கள் காருக்கு அந்நியக் கதவுதான்.

தகடு வாங்கும்போதே நடக்கும் தவறு ஒன்று உண்டு. மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது. வோக்ஸ்வாகன் பீட்டில் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் 1967 ஆகஸ்டில், 1968 மாடலுக்காக, பம்பரை உயர்த்தியபோது முன் பானெட்டையும் எஞ்சின் மூடியையும் குட்டையாக்கினார்கள். அவற்றுக்குக் கீழே வரும் தகடுகளும் அதற்கேற்ப மாறின. புது பானெட்டைப் பழைய முன்தகட்டோடு சேர்த்தால் எந்தக் கீலைத் திருப்பினாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள கேப் (இடைவெளி) மூடாது. பழைய தகட்டையும் வந்த தகட்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் துளைகளுக்கிடையே உள்ள தூரம், ஓர மடிப்பின் அகலம், வளைவு மூன்றையும் அளந்து பார்த்த பிறகே பழையதை வெட்டவோ வீசவோ வேண்டும். துருப்பிடித்த பழைய தகடுதான் கையில் இருக்கும் ஒரே உண்மையான அச்சு.

கேப் தெரியும் இடத்தில் குறை இருக்கிறது என்று நம்புவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். கதவின் பின் ஓரத்தில் மேலே கேப் இறுகியும் கீழே விரிந்தும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே கிரைண்டரை எடுத்து மேல் ஓரத்தைத் தேய்ப்பார்கள், கீழே பட்டி தடவுவார்கள். ஆனால் இந்த ஒரே அடையாளத்துக்கு முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் உண்டு. கீல் ஊசி தேய்ந்து கதவின் பின்முனை தொங்கியிருக்கலாம். அல்லது பாடியே நடுவில் தொய்ந்து, முன் தூண் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். இரண்டிலும் கதவு ஒரே மாதிரி சாயும், கோடுகள் ஒரே மாதிரி விலகும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. சோதித்தால் பிரியும்.

கீலுக்கான சோதனை எளிது. கதவைப் பாதி திறந்து பின்முனையின் அடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கை உணரும் ஆட்டம் இருந்தால் ஊசியும் அது சுழலும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. கீல்களுக்கு நடுவே 400 மில்லிமீட்டர், கதவு நீளம் 1,000 மில்லிமீட்டர் என்றால், கீலில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் பின்முனையில் 2.5 மில்லிமீட்டராக இறங்கும். ஊசியை மாற்றாமல் கதவைச் சரிசெய்வதெல்லாம் வீண் வேலை.

மூடிய கதவில் கேப்பைப் பார்க்கும் முன் ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவின் லாக் வந்து மாட்டும் தூண் பக்கக் கொக்கியை, கழற்றிவிட வேண்டும். தொங்கிய கதவை மூடும்போது ஸ்ட்ரைக்கர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கேப் சரியாக இருப்பதுபோல் தெரியும். கீல்களைச் சரிசெய்து முடித்து, ஸ்ட்ரைக்கர் இல்லாமலே கதவு தன் இடத்தில் நின்ற பிறகுதான் அதைப் பூட்ட வேண்டும். அதன் வேலை கதவைப் பிடிப்பது, தூக்குவது அல்ல.

பாடிக்கான சோதனைக்கு அளவு நாடா போதும். கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, மறுபக்க வாசலின் அதே அளவுகளோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் 2-3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் குறை தகட்டில் இல்லை, எலும்புக்கூட்டில் இருக்கிறது. சேஸிஸ் தனியாக உள்ள கார் என்றால் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள ரப்பர்களை முதலில் பாருங்கள். பழைய ரப்பர் நசுங்கியிருக்கும், புதியது தடிமனாக இருக்கும். எல்லா ரப்பரையும் மாற்றாமல் கேப் அமைத்தால் பிறகு மாற்றும் நாளில் அத்தனையும் கலைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தொய்ந்திருந்தால் ஒப்பீடு அதைக் காட்டாது. அதற்குத் தொழிற்சாலை அளவுப் படம் வேண்டும்.

கார் எதன்மேல் நிற்கிறது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். நடுவில் ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கிய பாடியில் பொருத்திய கதவு, சக்கரத்தில் இறக்கியதும் இடிக்கும். கூரை திறக்கும் கார்களில் இது இன்னும் மோசம், ஏனெனில் வளைவைத் தாங்கக் கூரை இல்லை. கேப் வேலை முழுவதும் கார் தன் சக்கரங்களில், அல்லது சக்கரங்களுக்கு அருகே அச்சுக்கடியில் கொடுத்த ஸ்டாண்டுகளில் நிற்கும்போதே நடக்க வேண்டும். எஞ்சின் இறக்கியிருந்தால் அதன் எடைக்கு மணல் மூட்டை வையுங்கள்.

துருப்பிடித்த சில் பெட்டியை (கதவு வாசலுக்கு அடியில் நீளவாக்கில் ஓடுவது) வெட்டுமுன், கதவு வாசலில் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து முன் தூணையும் பின் தூணையும் கட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டு சில்களையும் ஒன்றாக வெட்டிய பாடி திரும்ப நேராக வருவது அரிது.

எங்கிருந்து தொடங்குவது

முன்பக்கத்திலிருந்து தொடங்குவதே இயல்பான தவறு. பானெட் கண்ணில் படும், கழற்ற எளிது. ஆனால் நகர்த்த முடியாத தகட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அது பாடியோடு வெல்டிங் செய்த பின்பக்கத் தகடு. கதவை அதற்கு ஒத்து அமைத்து, கதவுக்கு ஒத்து முன் மட்கார்டு, மட்கார்டுகளுக்கு ஒத்து பானெட், கடைசியாக கிரில்லும் பம்பரும். பின்பக்கத் தகடே மாற வேண்டியதாக இருந்தால் அதைத் திருகாணிகளால் 75-100 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பிடித்து, கதவையும் டிக்கியையும் மாட்டி, திறந்து மூடிப் பார்த்துவிட்டே வெல்டிங் செய்ய வேண்டும்.

கதவை நகர்த்தும்போது இரண்டு கீல்களையும் ஒன்றாகத் தளர்த்த வேண்டாம். அப்படிச் செய்தால் எங்கிருந்து வந்தோம் என்பதே தெரியாமல் போகும். கீலைச் சுற்றிக் கூர்முனையால் கோடு கிழித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கீல், ஒரு திசை. பல கார்களில் தூண் பக்கப் போல்ட்டுகள் மேல்-கீழ், முன்-பின் அசைவுக்கும், கதவு பக்கப் போல்ட்டுகள் உள்-வெளி அசைவுக்கும் இடம் தரும். சிலவற்றில் தலைகீழாக இருக்கும், எனவே முதலில் துளைகளின் நீளவாக்கைப் பாருங்கள். முன் மட்கார்டில் ஷிம் செய்யும் வேலை பலருக்குத் தெரியாது. அதன் முன்முனையைத் தூக்கினால் பின் ஓரத்தின் மேல்பகுதி கதவை நோக்கிச் சாயும். அதாவது கதவுக்கு முன்னால் மேலே விரிந்து கீழே இறுகிய கேப்பை, தகட்டைத் தொடாமல் ரேடியேட்டர் சட்டத்தின் அடியில் வைக்கும் ஒரு ஷிம்மே சரிசெய்துவிடும்.

இடைவெளி எவ்வளவு என்பதைவிட அது ஒரே சீராக ஓடுகிறதா என்பதையே கண் கவனிக்கும். மேலிருந்து கீழ்வரை 5 மில்லிமீட்டர் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 3இல் தொடங்கி 6இல் முடிந்தால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். 5 மில்லிமீட்டர் துளையிடு முனையின் மழுங்கிய தண்டை கேப்பில் ஓட்டிப் பார்ப்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல.

வெறும் கதவில் அளவெடுப்பது

கண்ணாடி, ஏற்றிறக்கும் பொறி, லாக் எல்லாம் உள்ளே ஏறியதும் கதவு கனத்து 1-2 மில்லிமீட்டர் இறங்கலாம். புது ரப்பர் பீடிங் இன்னும் பெரிய தொல்லை. பழைய ரப்பர் தட்டையாகிப் போயிருந்ததால் கதவு உள்ளே அமர்ந்திருக்கும், புதியது அதை 2-3 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். பெயிண்ட் முடிந்த பிறகு இது தெரிந்தால் செய்ய எதுவுமில்லை. முதலில் ரப்பர் இல்லாமல் கேப்பை அமைக்க வேண்டும். பிறகு கண்ணாடியும் வாங்கிய அதே ரப்பரும் மாட்டிப் பெயிண்டுக்கு முன்பே மூடிப் பார்க்க வேண்டும். ரப்பர் மிகத் தடித்திருந்தால் தகட்டை மாற்றாதீர்கள், ரப்பரை மாற்றுங்கள்.

ஓரத்தைத் தேய்ப்பதும் பட்டியால் வளர்ப்பதும்

இவ்வளவும் செய்த பிறகும் கேப் சீராகவில்லை என்றால் அப்போதுதான் ஓரத்தில் கை வைக்கலாம். பட்டி எந்த இடத்திலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கதவின் ஓரத்தில் அதை வைக்கவே கூடாது. ஒவ்வொரு தடவை கதவை அறையும்போதும் ஓரம் அதிரும், பட்டி விரிந்து உதிரும். விரிந்த கேப்புக்கு இரும்பைத்தான் சேர்க்க வேண்டும். 1.6 அல்லது 2.4 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் கம்பியை ஓரத்தின் மேல் வைத்து 25 மில்லிமீட்டருக்கு ஒரு டேக் (சிறு வெல்டிங் புள்ளி), பிறகு டேக்குகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவரலாம்.

இறுகிய கேப்பில் ஆபத்து அதிகம். கதவின் ஓரம் வெளித்தகட்டை உள்சட்டத்தின் மேல் மடித்து உண்டானது. அந்தத் தகடு பெரும்பாலும் 0.8 முதல் 1.0 மில்லிமீட்டர்தான். அரை மில்லிமீட்டர் தேய்த்தாலே மடிப்பு வாய் திறந்துகொள்ளத் தொடங்கும், தண்ணீர் இறங்கும், உள்ளிருந்து துரு கிளம்பும். எனவே அதிகம் தேய்க்க வேண்டியிருந்தால் ஓர விளிம்பைக் குறைந்த சூட்டில் வெல்டிங்கால் மூடி, அதன் பிறகே தேய்க்க வேண்டும்.

நடுத்தகட்டில் வெல்டிங் என்றால் எதிரி சூடு. ஒரே ஓட்டமாக இழுத்த வெல்டிங் குளிரும்போது சுருங்கி, பக்கத்துத் தகட்டை அலை அலையாக இழுக்கும். மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி போதும். 30-40 மில்லிமீட்டர் இடைவெளியில் டேக் வைத்து, அடுத்த டேக்கைத் தூரத்தில் வைத்து, கை வைக்குமளவு ஆறிய பிறகே திரும்பி வர வேண்டும். சுருங்கிய வெல்டிங் கோட்டை அடியில் டாலி எனும் இரும்புக் கட்டியை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் அது விரிந்து, அலை அடங்கும்.

உயிருக்கு உலை வைக்கும் இரண்டையும் சொல்லியாக வேண்டும். பழைய மூட்டுகளில் உள்ள ஈயத்தைக் கிரைண்டரால் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். மெல்லிய சூட்டில் உருக்கி வழித்தெடுத்து, கையுறையும் சுவாச முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டிங் செய்யும் முன் மூட்டின் இருபுறமும் 25 மில்லிமீட்டர் பூச்சை நீக்கி, காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள்.

பெயிண்டுக்கு முன்னும் பின்னும்

புதுத் தகடுகள் கறுப்புப் பூச்சோடு வரும். அதன்மேல் அப்படியே பெயிண்ட் அடிப்பது பெரும்பிழை ஆகலாம். தின்னர் நனைத்த துணியால் ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பூச்சு துணியில் வந்துவிட்டால் அது கடை வந்து சேரும்வரை துருவைத் தடுக்கும் பூச்சு மட்டுமே, முழுவதும் உரித்து எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். வரவில்லை என்றால் உரசிவிட்டு அதன்மேலேயே தொடரலாம்.

எபாக்ஸி, தடித்த பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஓரத்தில் 0.3 மில்லிமீட்டர் எளிதாக ஏறிவிடும். எதிரெதிர் ஓரங்கள் இரண்டும் சேர்ந்து 0.6. வெறும் தகட்டில் 4 மில்லிமீட்டருக்கு அமைத்தவர் பெயிண்டுக்குப் பிறகு 3.4இல் நிற்பார். முடிவில் வேண்டிய அளவைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே விட்டுவைக்க வேண்டும்.

இறுதிப் பொருத்தம் திருப்தியான அன்று, கழற்றும் முன், ஒவ்வொரு கீலையும் தூணையும் சேர்த்துத் துளைக்கும்படி 3 மில்லிமீட்டர் துளை இரண்டு போட்டுவிடுங்கள். பெயிண்ட் முடிந்து திரும்ப மாட்டும்போது எதிர் ஓரங்களில் மூன்று சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்தத் துளைகளில் 3 மில்லிமீட்டர் துளையிடு முனையையே ஊசியாகச் செருகி, அதன் பிறகு போல்ட்டை முறுக்குங்கள். கதவு அன்று நின்ற அதே இடத்துக்கு வந்து சேரும்.