கை கூசுகிற கணினி: திருத்தப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது, தண்ணீர்ப் போத்தலைக் கணினிக்கு மேல் வைக்கக்கூடாது என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் அம்மாமார் சொல்லிக்கொடுத்த பாடம். மட்டக்களப்பில் கணினி திருத்தப் பழக வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளையே, இப்போது விலை கூடிய கருவிகளை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். பலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

எர்த் துளைக்குள் பேனா

13 அம்பியர் சதுர முள் பிளக்கில் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது எர்த் முள். அது முதலில் உள்ளே போய், மற்ற இரண்டு துளைகளின் மூடியையும் திறந்துவிடும். எர்த் தொட்ட பிறகே கரண்ட் தொட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். நம் ஊரிலோ, அந்தத் துளைக்குள் பேனாவை விட்டு மூடியைத் திறந்து, இரண்டு முள் பிளக்கைத் திணிப்பது ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பேனா கிடைக்காவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை விடுகிறவரையும் கண்டிருக்கிறேன்.

ஃபோன் சார்ஜருக்கு எர்த் தேவையில்லை. அதன் முதுகில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிட்டிருக்கும். எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கும்படி இரட்டைக் காப்பு செய்யப்பட்டது என்று அதற்குப் பொருள். மேசைக் கணினி அப்படியல்ல. அதன் பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சிறிய கப்பாசிற்றர்கள், அதாவது மின்தேக்கிகள், உண்டு. ஒன்று கரண்ட் வரும் லைவிலிருந்து இரும்பு உடலுக்கும், மற்றொன்று கரண்ட் திரும்பும் நியூட்ரலிலிருந்து உடலுக்கும் போகும். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் சொற்ப மின் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கணினியின் உடல் 230 வோல்ட்டின் பாதியில், அதாவது ஏறத்தாழ 115 வோல்ட்டில், மிதந்துகொண்டிருக்கும். கேசிங்கைத் தடவும்போது விரல் நுனியில் சுணைபோலக் கூசுவது அதுதான்.

"அது ஸ்டேட்டிக் அண்ணன், ஒன்றும் செய்யாது" என்பார்கள். ஸ்டேட்டிக் என்பது உராய்வில் சேரும் நிலைமின்; ஒருமுறை சுரீரென்று அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். தடவத் தடவக் கூசிக்கொண்டே இருந்தால் அது மெயின் கரண்ட்.

ஒரு கணினியில் கசிவது ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவாகவே இருக்கும், ஆளைக் கொல்லாது. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. அம்பாறைக் கரையோரத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குப் போயிருந்தேன். புரொஜெக்டரைப் பொருத்தும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கணினியில் புரொஜெக்டர் கேபிளைக் கொளுவும் எச்டிஎம்ஐ துறை எரிந்துபோகிறது என்று முறைப்பாடு. பொறுப்பாக இருந்த தம்பி, சாமான் தரமில்லை என்று விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மேசைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எல்லாக் கணினிகளும், ஒன்றோடொன்று வரிசையாகக் கொளுவிய வயர் கோட்களில் (பல துளையுள்ள நீட்டிப்புக் கம்பிகளில்) நின்றன. துளைகள் மூன்று, கேபிளின் தோலில் அச்சிட்டிருந்ததோ 2 × 0.75. இரண்டே கம்பிகள்! மூன்றாவது துளை வெறும் அலங்காரம்.

இதில் தனித்தனியாக எர்த் இல்லாமல் இருப்பதைவிடக் கேடு உண்டு. வயர் கோட்டின் உள்ளே எர்த் தகடு எல்லாக் கணினிகளின் உடலையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். ஆனால் மண்ணோடு தொடர்பு இருக்காது. ஒவ்வொன்றின் கசிவும் சேர்ந்து, தொடுகிற ஒரே ஆளின் வழியே இறங்கப் பார்க்கும். அதோடு, ஒரே ஒரு கணினியின் பவர் சப்ளையில் லைவ் கம்பி உடலில் முட்டினால் போதும், வரிசை முழுவதும் 230 வோல்ட். பிள்ளைகள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெறும் காலோடு சீமெந்துத் தரையில் உட்கார்ந்து படிக்கும் அறை அது. கூசுகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், கேட்டவர் இல்லை.

புரொஜெக்டருக்குச் சுவரிலிருந்து எர்த் கம்பி வந்தது. மிதக்கும் கணினியை எர்த் உள்ள புரொஜெக்டரோடு இணைக்கும்போது, அந்த 115 வோல்ட் எச்டிஎம்ஐ முனையில்தான் வடிய வழி தேடும். சில வோல்ட்டில் வேலை செய்யும் சிப் அதைத் தாங்குமா? ஒரு மதர்போர்ட்டின் விலையில் எத்தனை நல்ல வயர் கோட் வாங்கலாம் என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். பதில் வரவில்லை.

மூன்று கம்பி உள்ள வயர் கோட்டை வாங்குங்கள். கேபிளில் 3 என்று தொடங்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள். டேட்டா கேபிள்களை முதலில் கொளுவிவிட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள்.

எர்த் கம்பி எங்கே போகிறது என்று பாராமல் இருப்பது

நம் வீடுகளுக்கு எர்த், வெளியிலிருந்து வரும் மின்சாரக் கம்பியில் வருவதில்லை. நம் வளவில் அடித்த எர்த் தண்டுதான் எல்லாம். கல்லடியிலும் காத்தான்குடியிலும் கடற்கரை மணல். மழைக்காலத்தில் ஈரமாக இருக்கும் மணல், கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து மின்தடையைக் கூட்டிவிடும். எர்த் கம்பியைத் தண்டோடு பிடித்திருக்கும் கவ்வியை உப்புக் காற்று அரிக்கும். மேலே சொன்ன கல்வி நிலையத்திலும் சுவருக்கு வெளியே கவ்வி பச்சை பூத்து, தொட்டதும் ஆடியது. அதை இறுக்காமல் வயர் கோட்டை மட்டும் மாற்றியிருந்தால் பாதி வேலைதான்.

ட்ரிப் சுவிட்சின் பட்டனை நம்புவது

மின் கசிந்தால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிப்பது ட்ரிப் சுவிட்ச். அதன் சோதனைப் பட்டனை அழுத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தப் பட்டன் சுவிட்சின் பொறிமுறையை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பியை வெட்டி எறிந்தாலும் அது விழும். லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் பல்பு பிடித்துப் பார்ப்பது இன்னும் மோசம்: எர்த் எங்காவது அறுந்திருந்தால், பல்பின் வழியே போகும் கரண்ட் அந்த எர்த்தில் சேர்ந்த எல்லா இரும்பு உடல்களிலும் ஏறி நிற்கும். மல்டிமீட்டரும் முழுச் சாட்சி அல்ல. மோசமான எர்த்திலும் அது 230 காட்டக்கூடும், ஏனென்றால் அது மிகச் சொற்ப மின்னையே இழுக்கிறது. உரிய கருவி வைத்திருக்கும் மின்னியலாளரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று நேரடியாக இணைத்துவிடுவது

செய்தவரோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை. 30 மில்லி அம்பியர் கசிவுக்குள் விழும் சுவிட்ச் ஒன்றில் அளவுக்கு மீறிய கணினிகள் நின்றால், பழுதே இல்லாமலும் கசிவுகள் கூடி அது விழலாம். சுற்றுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரிப் சுவிட்ச் போட வேண்டும்.

பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள்

கடையை விட்டு அனுப்பிவிடுவேன்.

பவர் சப்ளையைத் திறப்பது

திறக்காதீர்கள். உள்ளே கப்பாசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் சில நேரம் நிற்கும்.

யூபிஎஸ்ஸை மறப்பது

2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு யூபிஎஸ்ஸும் இன்வேர்ட்டரும் வந்துவிட்டன. சுவரில் பிளக்கைக் கழற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்று கையை வைக்கிறார்கள். யூபிஎஸ்ஸின் பின்புறத்தில் 230 வோல்ட் அப்படியே இருக்கிறது; போனது எர்த் மட்டும்தான். முதலில் யூபிஎஸ்ஸை நிறுத்துங்கள், பிறகு கணினியின் கேபிளை யூபிஎஸ்ஸிலிருந்து உருவுங்கள்.

கையில் ஸ்டேட்டிக் பட்டி, கணினியில் கரண்ட்

காணொளி பார்த்துப் பழகியவர்களின் பிழை இது. உடலில் சேரும் ஸ்டேட்டிக்கை வடிக்கக் கையில் கட்டும் பட்டியை எர்த் இல்லாத கேசிங்கில் கொளுவி, பிளக்கையும் கழற்றாமல் வேலை செய்கிறார்கள். பட்டி போர்டைக் காப்பதற்கு. ஆளைக் காப்பதற்கு அல்ல. உப்பும் ஈரமும் ஊறிய நம் காற்றில் ஸ்டேட்டிக்கைப் பற்றி இத்தனை பதற்றம் தேவையா என்றுகூட எனக்குத் தோன்றும். கரண்டைத் துண்டித்துவிட்டு, போர்டை ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள்.

இடி

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எரிந்த ரவுட்டர்கள்தான் கடைக்கு அதிகம் வரும். பிளக்கைக் கழற்றியவர்கள் தொலைபேசிக் கம்பியை அப்படியே விட்டிருப்பார்கள். இரண்டையும் கழற்றுங்கள், வானம் கறுக்கும்போதே கழற்றுங்கள், இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியில் கை வைக்காதீர்கள்.