பக்கத்து மனையில் மாடி ஏறப்போகிறதா? முதலில் ஒரு கயிறு எடுங்கள்

கட்டடங்களுக்கான உயரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினாலே ஊர் கெட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டில் வயலில் மண்ணடித்து அஞ்சு அஞ்சு சென்டாக பிளாட் போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பத்து வீடு பத்து மனையில் பரவுவதைவிட ஒரே மனையில் மேலே போனால் வயல் தப்பும். ஆனால் நிஜமாகவே தப்ப வேண்டும். நகருக்குள் வடசேரியில் மாடியும் ஏறி, சுசீந்திரம் பக்கம் வயலும் பிளாட் ஆனால் இரண்டு பக்கமும் நஷ்டம்தான். அதனால் ஆதரிப்பதோ எதிர்ப்பதோ, அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கயிறு கிணற்றுக்கு. வாளியைக் கட்டி இறக்கி, அது தண்ணீரைத் தொடும்போது கயிறு கைப்பிடிச் சுவரில் படும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். மார்ச் கடைசியில் ஒன்று, தென்மேற்குப் பருவமழைக்கு அப்புறம் ஒன்று, தேதியோடு எழுதி வையுங்கள். பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு உங்கள் கிணறு வற்றினால், உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இந்த முடிச்சுகள்தான்.

அப்புறம் ஒரு கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், பத்து வீட்டில் நாற்பது பேருக்கு 5,400 லிட்டர். 1,500 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது கிட்டத்தட்ட 1,400 லிட்டர். ஒரே வீடு என்றால் அது இரண்டரை நாளைக்கு வரும், பத்து வீட்டுக்கு ஆறு மணி நேரத்துக்குத்தான் வரும். மாடி எத்தனை ஏறினாலும் கூரை ஒன்றுதானே! சோலார் தகடுக்கும் இதே கதிதான். ஆகவே மழைநீர் சேகரிப்பு இருக்கிறது என்று சொன்னதும் திருப்தி அடையாமல், மீதித் தண்ணீர் எங்கிருந்து வரும், செப்டிக் டேங்க் உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கும் என்று கேளுங்கள்.

நிழலுக்கு ஒரு மீட்டர் கம்பு போதும். டிசம்பர் 22 வாக்கில், நாகர்கோவிலில் உச்சிவெயில் நேரமான பகல் 12.20 மணிக்கு வெட்டவெளியில் நட்டுப் பாருங்கள், வடக்கே சுமார் 61 செ.மீ. நிழல் விழும். 18 மீட்டர் கட்டடத்துக்கு அதைப் பெருக்கினால் 11 மீட்டர், அந்தத் தூரத்துக்குள் உங்கள் துணி காயப்போடும் இடமோ சோலாரோ இருக்கிறதா? ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழும், ஆனால் 5 மீட்டர் அளவுதான். காற்றையும் மறக்க வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அந்த மேல்காற்றுதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் வீட்டையும் குளிர்விக்கிறது. மேற்கே நெடுஞ்சுவர் எழுந்தால் காற்று தடைபடும், பகலில் குடித்த வெயிலைக் காங்கிரீட் ராத்திரி முழுக்கக் கக்கும்.

2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். அதற்குள்தான் நிற்கும் என்று யாராவது சொன்னால் அனுமதி வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். குறை இருந்தால் அளவுகளைத் தாளில் வைத்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.