புதுச்சேரி, கடலூர் பயணம்: மாதம் பார்த்துப் பெட்டி கட்டுங்கள்

பாரிசிலிருந்தோ லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்தே விமானச்சீட்டு எடுக்கிறார்கள். அதனால் ஜூலை, ஆகஸ்டிலோ டிசம்பர் கடைசியிலோ வந்து இறங்குகிறார்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பருவங்கள். "அங்கே எப்போதும் வெயில்தானே" என்று இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி கட்டினால், பாதித் துணி மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும்.

தேதி உங்கள் கையில் இருந்தால் தை நடுவிலிருந்து மாசி முடிவதற்குள் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், விடியற்காலையில் போர்வை தேடும். வடலூர்த் தைப்பூசமும், வைத்திக்குப்பம் கடற்கரையில் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கூடும் மாசி மகமும் தை, மாசியில்தான் வரும்.

மே 4 ஆம் தேதியையொட்டித் தொடங்கும் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்பது அதிசயமில்லை. கத்திரி கழிந்ததும் குளிர்ந்துவிடும் என்று நம்பி ஜூனில் வருகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்வதால், இந்தக் கரைக்கு வந்து சேர்வது காய்ந்த மேற்குக் காற்றும் எப்போதாவது ஒரு மாலை இடிமழையும்தான். அந்த மேற்குக் காற்று வலுக்கும் நாட்களில் கடல்காற்று உள்ளே நுழைய முடியாமல் தாமதப்படும். பகல் ஒரு மணிக்குள் அது வந்துவிட்டால் அன்றைய வெயில் தாங்கும், நான்கு மணி வரை வராவிட்டால் வீட்டுச் சுவரே அனல் வீசும். ஆகவே வெயில் மாதங்களில் வெளிவேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலுக்கும் திருவந்திபுரத்துக்கும் காலையிலேயே போய்விடுவது நல்லது. உச்சி வெயிலில் பிரகாரத்துக் கல் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது, பிற்பகலில் நடையும் சாத்தியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30 இல் ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. இந்த மாதங்களில் திருமணத்துக்கு வருகிறவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் சென்னையில் இறங்கும்படி திட்டமிடக் கூடாது. விமான நிலையத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் சாலைப் பயணம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் அது எத்தனை மணி நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். கடவுச்சீட்டையும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டையையும் நீர் புகாத உறையில் வையுங்கள்.

துணியைப் பொறுத்தவரை குறைவாகக் கொண்டுவருவதே சரி. ஈரப்பதம் மிகுந்த கடலோரத்தில் வியர்வை உலராது. ஜீன்ஸும் பாலியெஸ்டரும் உடம்போடு ஒட்டிக்கொண்டு வேர்க்குருவைத்தான் கொடுக்கும். தளர்வான பருத்திச் சட்டை, முழுக்கை இருந்தால் இன்னும் நல்லது: வெயிலுக்கும் ஆகும், கொசுவுக்கும் ஆகும். லுங்கி, நைட்டி, குடை, ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் புதுச்சேரி நேரு வீதியில் வந்து வாங்கிக்கொள்ளலாம். மழை மாதத்தில் தோல் ஷூ வேண்டாம், பூசணம் பூத்துவிடும். சொந்தக்காரர்களுக்கு என்று கிலோக்கணக்கில் சாக்லேட் சுமந்து வருவதை நம்மவர்கள் விடப்போவதில்லை. வெயில் காலத்தில் அது பெட்டிக்குள்ளேயே உருகித் தாளோடு அப்பிக்கொள்ளும் என்பதால் பிஸ்கட்டாக வாங்கி வருவது புத்திசாலித்தனம்.

மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் விமானத்தின் சரக்கறையில் உறைந்துபோகக்கூடும்; ஊரிலும் அதை மேசைமேல் விடாமல் குளிர்பெட்டியின் கதவுப்பக்கம் வையுங்கள், உறையறையை ஒட்டி வேண்டாம். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். (நீரிழப்புக்கான உப்புச் சர்க்கரைப் பொடி) பொட்டலம் எளிதில் கிடைக்கும். அது ஒரு லிட்டர் நீருக்கானதா 200 மில்லிக்கானதா என்று படித்துப் பார்த்துக் கலக்குங்கள். அளவு மாறினால் பயன் கெடும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, ஆகவே கொசுவிரட்டிக் களிம்பைப் பகலிலும் பூச வேண்டும், குழந்தைகளுக்கு முக்கியமாக.

இங்கே மின்சாரம் 230 வோல்ட். பிரான்சிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகிறவர்களுக்குச் செருகி மாற்றி போதும். கனடாவிலிருந்து வருகிறவர்கள் முடியுலர்த்தி போன்றவற்றை அங்கேயே விட்டு வருவது மேல், நேராகச் செருகினால் புகைந்துவிடும்.

நவம்பரில் துவைத்த பருத்தித் துணி உலர இரண்டு நாளாவது பிடிக்கும். புறப்படும் நாளுக்கு மூன்று நாள் முன்பே துவைப்பதை நிறுத்திவிட்டு, மிச்ச அழுக்குத் துணியைத் தனிப் பையில் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.