64 ஜிபி சர்வரில் போஸ்ட்கிரெஸுக்கு நினைவகம் பிரித்துக் கொடுப்பது

ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூட முடிவுகளும் பில்லிங்கும் ஓடும் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரைக் கவனித்துக்கொள்வது என் வேலை. டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை), அதனுடன் வரும் போஸ்ட்கிரெஸ் 15, 64 ஜிபி ரேம். டேட்டாபேஸைத் தவிர வேறெதுவும் அந்த இயந்திரத்தில் ஓடுவதில்லை. கீழே வரும் எண்கள் இந்த அளவுக்குப் பொருந்துபவை. உங்கள் சர்வர் வேறாக இருந்தால் எண்களை விட்டுவிட்டு, கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்கிரெஸை நிறுவியவுடன் அது தன் பொதுக் கேஷுக்கு (அடிக்கடி தேவைப்படும் தரவை ரேமில் வைத்திருக்கும் இடம்) எடுத்துக்கொள்வது வெறும் 128 எம்பி. எவ்வளவு சிறிய இயந்திரத்திலும் தடையின்றித் தொடங்க வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. 64 ஜிபி சர்வரில் அதை அப்படியே விட்டுவைப்பது வீண்தான். ஆனால் “இருக்கிறதையெல்லாம் டேட்டாபேஸுக்கே கொடுத்துவிடுவோம்” என்று கிளம்புவது அதைவிட ஆபத்தானது. இருப்பதை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துவிட்டு, அந்தப் பிரிவினை மிக மோசமான நேரத்திலும் தாங்குமா என்று பார்ப்பதுதான் இந்த வேலை. எங்களுக்கு மோசமான நேரம் காலை 7 மணி. வார்டுகளிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் குவியும். அதே நேரத்தில் முந்தைய நாள் கணக்கு அறிக்கைகளும் ஓடும்.

முதலில் கணக்கு

நினைவகத்தைக் கேட்பவர்கள் மூன்று பேர். எல்லா இணைப்புகளும் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு_பஃபர்ஸ் ஒன்று; மேலே சொன்ன பொதுக் கேஷ் இதுதான். ஒவ்வோர் இணைப்பும் தனக்கென எடுத்துக்கொள்ளும் ஒர்க்_மெம் இன்னொன்று. மூன்றாவது, லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோப்புக் கேஷ். இந்த மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவைக் கெர்னல் வழியாகவே படிக்கிறது. ஷேர்டு பஃபரில் இல்லாத பக்கம் பெரும்பாலும் கெர்னல் கேஷில் கிடைக்கும். அந்தக் கேஷை நசுக்கினால் ஒவ்வொரு தவறலும் வட்டு வரை போய்வர வேண்டியதாகிவிடும்.

என் பிரிவினை இப்படி: ஷேர்டு பஃபர்ஸுக்கு 16 ஜிபி. கெர்னல் கேஷுக்கு 24 ஜிபி. பராமரிப்பு வேலைகளுக்கு 2.5 ஜிபி. இயங்குதளத்துக்கும் கண்காணிப்பு மென்பொருளுக்கும் 2 ஜிபி. இணைப்பு ஒன்றின் அடிப்படைச் செலவு 10 எம்பி என்று வைத்தால் 100 இணைப்புகளுக்கு 1 ஜிபி. எல்லாம் சேர்த்து 45.5 ஜிபி. மீதி 18.5 ஜிபி. ஒர்க்_மெம் கணக்கு முழுவதும் இந்த மீதிக்குள் அடங்க வேண்டும்.

ஷேர்டு பஃபர்ஸ்

தனி டேட்டாபேஸ் சர்வரில் மொத்த ரேமில் கால் பங்கிலிருந்து தொடங்கச் சொல்கிறது போஸ்ட்கிரெஸின் ஆவணம். 40 சதவீதத்துக்கு மேல் போனால் பலன் கிடைப்பது அரிது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. நான் கால் பங்கிலேயே நிற்கிறேன். இதை மாற்றினால் சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். வெறும் ரீலோடு போதாது.

கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவெடுக்க, ஹிட் விகிதம் (தேடிய பக்கம் பஃபரிலேயே கிடைக்கும் விகிதம்) 99 சதவீதமா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போஸ்ட்கிரெஸ் “படித்தேன்” என்று எண்ணும் பக்கம் உண்மையில் வட்டிலிருந்து வந்ததா, கெர்னல் கேஷிலிருந்து வந்ததா என்பது அந்த எண்ணில் தெரியாது. அதற்குப் பதிலாக பிஜி_பஃபர்கேஷ் நீட்சியை நிறுவி, பக்கங்களை யூசேஜ்கவுண்ட் (பக்கம் எந்த அளவுக்கு அடிக்கடி பயன்படுகிறது என்ற எண்) வாரியாக எண்ணிப் பாருங்கள். அது 0 முதல் 5 வரை போகும். நெரிசல் நேரத்தில் பெரும்பாலான பக்கங்கள் 4, 5 என்று நின்றால் எல்லாமே திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது, இடம் போதவில்லை என்று பொருள். பாதிக்கு மேல் 0, 1 என்றால் கொடுத்த இடமே தாராளம். ஷேர்டு பஃபர்ஸைக் கூட்டும்போது மேக்ஸ்_வால்_சைஸையும் (மாற்றங்களைப் பதியும் லாக் எவ்வளவு வளரலாம் என்ற அளவு) சேர்த்துக் கூட்டுங்கள். அதன் இயல்பு அளவான 1 ஜிபியில் விட்டால் செக்பாயின்ட் (மாறிய பக்கங்களை வட்டில் எழுதும் வேலை) அடிக்கடி ஓடி, கூட்டியதன் பலனைத் தின்றுவிடும்.

பெரிய பக்கங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். லினக்ஸ் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக நிர்வகிக்கிறது. 16 ஜிபி என்றால் 41,94,304 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்க 8 பைட் தேவை. ஆக, பக்க அட்டவணை மட்டும் 32 எம்பி. பஃபர் எல்லோருக்கும் பொதுவானது என்றாலும் இந்த அட்டவணை பொதுவானதல்ல. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிப் பிராசஸ், ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு தனி அட்டவணை. இணைப்பு நீண்ட நேரம் உயிரோடு இருந்து பஃபர் முழுவதையும் தொட்டுவிட்டால் 32 எம்பியும் நிரம்பிவிடும். 100 இணைப்புகளுக்கு ஏறத்தாழ 3 ஜிபி, வெறும் முகவரிக் குறிப்புகளுக்காக. உங்கள் சர்வரில் /ப்ராக்/மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்து பேஜ்டேபிள்ஸ் என்ற வரியைப் பாருங்கள். எங்கே போகிறது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்த நினைவகம் பல நேரங்களில் அங்கே இருக்கும்.

2 எம்பி பக்கங்களுக்கு மாறினால் அதே 16 ஜிபிக்கு 8,192 குறிப்புகள் போதும். ஒரு பிராசஸுக்கு 64 கேபி.

செய்முறை: போஸ்ட்கிரெஸில் ‘ஷோ ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹ்யூஜ்_பேஜஸ்’ என்று கேளுங்கள். 15-ஆம் பதிப்பில் வந்த வசதி இது. எத்தனை பக்கங்கள் தேவை என்று அதுவே கணக்கிட்டுச் சொல்லும். பஃபரைத் தவிர வேறு பொது நினைவகமும் சேர்வதால் விடை 8,192-ஐ விடச் சற்று அதிகமாகவே வரும். அந்த எண்ணை சிஸ்கண்ட்ரோல் கோப்பில் (கெர்னல் அமைப்புகளை எழுதும் இடம்) விஎம்.என்ஆர்_ஹ்யூஜ்பேஜஸ் என்பதற்குக் கொடுத்து, இயந்திரத்தையே ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். பல நாள் ஓடிய கெர்னலில் நினைவகம் துண்டுதுண்டாகக் கிடப்பதால், ஓடும்போதே கேட்டால் முழு எண்ணிக்கையும் கிடைக்காமல் போகலாம். அதிகமாகவும் ஒதுக்காதீர்கள். இந்தப் பக்கங்களை இணைப்புகளின் ஒர்க்_மெம்மோ கெர்னல் கேஷோ எடுத்துப் பயன்படுத்த முடியாது.

ஹ்யூஜ்_பேஜஸ் அமைப்பின் இயல்பு ‘ட்ரை’. பெரிய பக்கங்கள் கிடைக்காவிட்டால் எதுவும் சொல்லாமல் சிறிய பக்கங்களுக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாகக் கிடைத்துவிட்டது என்று உறுதியானதும் நான் அதை ‘ஆன்’ என்று மாற்றிவிடுகிறேன். அப்போது பக்கம் போதாவிட்டால் சர்வர் தொடங்கவே தொடங்காது. ரகசியமாக மெதுவாக ஓடுவதைவிட, பராமரிப்பு நேரத்திலேயே உரக்கச் சொல்லி நிற்பது மேல். இதே போன்ற பெயருடைய ‘டிரான்ஸ்பேரண்ட் ஹ்யூஜ் பேஜஸ்’ வேறு விஷயம். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் அறிவுரை. நான் அணைத்துவைத்திருக்கிறேன்.

ஒர்க்_மெம்

இயல்பு அளவு 4 எம்பி. பார்க்கச் சிறியதாகத் தெரிவதால்தான் பலர் இதை 256 எம்பி என்று துணிந்து ஏற்றிவிடுகிறார்கள். இது சர்வர் முழுவதற்குமான அளவல்ல, ஓர் இணைப்புக்கான அளவும் அல்ல. ஒரு வினவலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும், ஒவ்வொரு ஹேஷுக்கும் (வரிகளைப் பொருத்தவோ தொகுக்கவோ நினைவகத்தில் கட்டும் அட்டவணை) தனித்தனியாக அனுமதிக்கப்படும் அளவு. 15-ஆம் பதிப்பிலிருந்து ஹேஷ்_மெம்_மல்டிப்ளையர் இயல்பாகவே 2 என்பதால் ஹேஷ் வேலைகளுக்கு இது இரு மடங்கு. வினவல் இணையாக ஓடினால் ஒவ்வொரு துணை வொர்க்கருக்கும் மறுபடியும் அதே அளவு.

என் மீதி 18.5 ஜிபியை 100 இணைப்புகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 185 எம்பி. எங்கள் வினவல்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு, மூன்று வரிசை அல்லது ஹேஷ் வேலைகள் இருக்கின்றன. மூன்றால் வகுத்தால் 60 சொச்சம். ஹேஷின் இரு மடங்கைக் கழித்தால் 30-ஐ ஒட்டி வருகிறது. ஆகவே பொது அளவு 32 எம்பி.

32 எம்பி போதாத அறிக்கைகள் எவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. லாக்_டெம்ப்_ஃபைல்ஸ் அமைப்பை 10 எம்பி என்று வையுங்கள். அதைவிடப் பெரிய தற்காலிகக் கோப்பை எழுதிய ஒவ்வொரு வினவலும் லாகில் வந்து நிற்கும். அப்படிச் சிக்கியதில் ஒன்று மாதாந்திர பில்லிங் அறிக்கை. அதை எக்ஸ்பிளெயின் அனலைஸுடன் (வினவல் எப்படி ஓடியது என்று காட்டும் கட்டளை) ஓட்டியபோது வரிசைப்படுத்தல் வரியில் ‘எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க்: 212480 கேபி’ என்று இருந்தது. நினைவகத்தில் இடம் இல்லாமல் 207 எம்பியை வட்டில் எழுதி, திரும்பப் படித்து ஒன்றுசேர்த்திருக்கிறது. இதைப் பார்த்ததும் ஒர்க்_மெம்மை 208 எம்பி ஆக்கினால் போதும் என்று தோன்றும்; போதாது. வட்டில் எழுதும் வடிவம் சுருக்கமானது. அதே வரிகள் நினைவகத்தில் அதைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கும். நான் 512 எம்பி கொடுத்த பிறகுதான் அந்த வரி ‘குவிக்சார்ட், மெமரி’ என்று மாறியது; அதாவது நினைவகத்திலேயே முடிந்தது.

ஆனால் அந்த 512-ஐ எல்லோருக்கும் கொடுக்கவில்லை. அறிக்கைகளுக்கென்று ஒரு தனி டேட்டாபேஸ் பயனர் இருக்கிறார். ‘ஆல்டர் ரோல்’ கட்டளையால் அவருக்கு மட்டும் ஒர்க்_மெம்மை உயர்த்தி, அவர் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய இணைப்புகளை 4 என்று கட்டுப்படுத்திவிட்டேன். ஒரே ஒரு வினவலுக்கு மட்டும் வேண்டுமென்றால் டிரான்சாக்‌ஷனுக்குள் ‘செட் லோக்கல்’ போதும். கமிட் ஆனதும் பழைய அளவு தானே திரும்பிவிடும். நினைவகத்தைக் கூட்டுவதற்கு முன்னால், அந்த வரிசைப்படுத்தலே தேவையா என்றும் ஒருமுறை கேளுங்கள். சரியான இண்டெக்ஸ் (தரவை வரிசையாகத் தேடித் தரும் பட்டியல்) இருந்தால் வரிசைப்படுத்தல் அடியோடு இல்லாமல் போகும் வினவல்கள் நிறைய உண்டு.

பராமரிப்பும் திட்டமிடலும்

இண்டெக்ஸ் கட்டுவதற்கும் வேக்கமுக்கும் (அழித்த, மாற்றிய வரிகளின் மிச்சத்தைத் துப்புரவாக்கும் வேலை) உரியது மெயின்டெனன்ஸ்_ஒர்க்_மெம். இயல்பு 64 எம்பி. 15-ஆம் பதிப்பில் வேக்கம் ஒவ்வொரு செத்த வரிக்கும் 6 பைட் குறித்துவைக்கிறது. 64 எம்பியில் சுமார் 1.1 கோடி வரிகள் அடங்கும். அதற்கு மேல் போனால் எல்லா இண்டெக்ஸையும் இன்னொரு முறை முழுதாகச் சுற்றிவர வேண்டும். நான் இதற்கு 1 ஜிபி, ஆட்டோவேக்கம்_ஒர்க்_மெம்முக்கு 512 எம்பி என்று வைத்திருக்கிறேன். ஆட்டோவேக்கம் வொர்க்கர்கள் மூவர் என்பதால் 1.5 ஜிபி, மேலே சொன்ன 2.5 ஜிபி வந்த வழி அதுதான்.

எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ் ஒரு பைட்டைக்கூட ஒதுக்காது. ஏறத்தாழ எவ்வளவு தரவு கேஷில் இருக்கக்கூடும் என்று வினவல் திட்டமிடுபவருக்குச் சொல்லும் தகவல் மட்டுமே. பஃபர் 16, கெர்னல் கேஷ் 24. 40 ஜிபி என்று எழுதிவிட்டு நகருங்கள்.

கெர்னல் பக்கம்

நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸ் ஏதாவது ஒரு பிராசஸைக் கொல்லும். டெபியனின் தொகுப்பு போஸ்ட்கிரெஸின் தாய்ப் பிராசஸை இதிலிருந்து பாதுகாத்தே வைக்கிறது. ஆனால் ஓர் இணைப்பின் பிராசஸ் கொல்லப்பட்டாலும் போதும்: பொது நினைவகம் கெட்டுப்போயிருக்கலாம் என்ற சந்தேகத்தில் தாய்ப் பிராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு, மீட்பு முடித்து மறுபடி தொடங்கும். யாரோ ஓட்டிய ஓர் அறிக்கைக்காக வார்டில் இருக்கும் செவிலியரின் திரை உறைந்துபோகக் கூடாது.

அதனால் விஎம்.ஓவர்கமிட்_மெமரியை 2 ஆக்கியிருக்கிறேன். இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுப்பதைக் கெர்னல் நிறுத்திவிடும். அளவு மீறிக் கேட்ட வினவலுக்கு மட்டும் ‘அவுட் ஆஃப் மெமரி’ பிழை வரும். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இத்துடன் ஓவர்கமிட்_ரேஷியோவையும் பாருங்கள். இயல்பு 50. பெரிய பக்கங்களைக் கழித்த பிறகு மிஞ்சும் ரேமில்தான் இந்தச் சதவீதம் கணக்காகும்; ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) அதனுடன் சேரும். எனக்கு மிஞ்சுவது 47 ஜிபியை ஒட்டி; அதில் பாதியை மட்டும் அனுமதித்தால் ரேம் காலியாக இருக்கும்போதே பிழை வரும். 80 வைத்திருக்கிறேன். டேட்டாபேஸுடன் ஜாவா சர்வர் போன்றவற்றையும் ஒரே இயந்திரத்தில் ஓட்டுபவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவை பயன்படுத்தாத நினைவகத்தையும் முன்கூட்டியே பெரிதாகக் கேட்டுவைக்கும். ஸ்வாப்பினஸ் (கெர்னல் எவ்வளவு எளிதில் ஸ்வாப்பை நாடும் என்ற அளவு) இயல்பு 60, எனக்கு 10.

மாற்றிய பின்

அமைப்புகளை ஒரே இடத்தில் எழுதுங்கள். டெபியனில் போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்புறைக்குள் கான்ஃப்.டி என்று ஒன்று இருக்கிறது; நான் அதில் தனிக் கோப்பு வைக்கிறேன். இடையில் யாராவது ‘ஆல்டர் சிஸ்டம்’ கொடுத்தால் அது வேறொரு கோப்பில் எழுதப்பட்டு உங்கள் கோப்பை மிஞ்சிவிடும். எந்த அளவு உண்மையில் நடப்பில் இருக்கிறது என்று பிஜி_செட்டிங்ஸ் காட்டும். பெண்டிங்_ரீஸ்டார்ட் பத்தியில் ‘ட்ரூ’ என்று இருப்பவை இன்னும் அமலுக்கு வரவில்லை.

பெரிய பக்கங்கள் இல்லாத சர்வரில் டாப் கட்டளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொது பஃபரில் தான் தொட்ட பகுதியையும் ஒவ்வொரு பிராசஸும் தன் கணக்கில் காட்டும். அவற்றைக் கூட்டினால் ரேமைவிடப் பன்மடங்கு வரும். ஃப்ரீ கட்டளையில் ‘அவைலபிள்’ பத்தியே நம்பத்தக்கது. அதை நெரிசல் நேரத்தில் பாருங்கள்.

இணைப்புகளைப் பற்றி ஒன்று. செயலி எழுதுபவர்கள் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 300 ஆக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். மேலே போட்ட கணக்கை அவர்களுடன் உட்கார்ந்து 300-க்குப் போட்டுக் காட்டுங்கள். ஒர்க்_மெம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். எங்களிடம் முன்னால் பிஜிபவுன்சர் (சில இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் மென்பொருள்) நிற்கிறது. செயலிகள் எத்தனை இணைப்பு வேண்டுமானாலும் அதனிடம் திறக்கலாம்; டேட்டாபேஸ் வரை வருபவை 80-ஐத் தாண்டுவதில்லை. டிரான்சாக்‌ஷன் முறையில் (ஒருவருடையது முடிந்ததும் இணைப்பு அடுத்தவருக்குப் போய்விடும்) ஓட்டுவதால் சாதாரண ‘செட்’ கட்டளை அடுத்தவருடைய வினவலுக்கும் ஒட்டிக்கொண்டு போகக்கூடும். அங்கே ‘செட் லோக்கல்’ மட்டுமே பயன்படுத்துங்கள். ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்டை (முன்கூட்டியே தயாரித்து வைக்கும் வினவல்) நம்பியிருக்கும் செயலிகள் இருந்தால் பிஜிபவுன்சர் 1.21 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போட்டு, மேக்ஸ்_ப்ரிபேர்டு_ஸ்டேட்மென்ட்ஸுக்குப் பூஜ்யமல்லாத ஓர் எண்ணைக் கொடுங்கள்.