அத்தாப்புக் கூரைக்கு டெடிபேர் ரோமம் எதற்கு?

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கிய கதையை, சிப்பாய் பொம்மைகளும் குட்டி வீடுகளும் வைத்துப் போர் விளையாட்டாக மேசைமேல் ஆடப் போகிறீர்கள். "வெப்பமண்டலக் குடிசைதானே" என்று கையிலிருக்கும் வட்டக் குடிசைகளை எடுத்து வைத்தால் ஆட்டம் அங்கேயே கெட்டது. கவிழ்த்த கூடைபோலப் புல்வேய்ந்து நிற்பது தென்னாப்பிரிக்காவில் நடந்த 1879 சூலுப் போருக்கான வீடு. மலாய்க் கம்பத்து (கிராமத்து) வீடு நீள்சதுரம். தூண்மேல் நிற்கும், முன்னால் படிக்கட்டு இருக்கும்.

அந்தத் தூணைப் பலர் குட்டையாக்கிவிடுகிறார்கள். 28 மி.மீ. உயரச் சிப்பாய் பொம்மைகளுக்கு அளவு நிஜத்தில் ஏறத்தாழ 1/56. ஒன்றரை மீட்டர் தூண் மேசையில் 27 மி.மீ. வரும். கபாப் குச்சி 3 மி.மீ. தடிமன் என்றால் நிஜத்தில் அது 17 செ.மீ.; தூணுக்குச் சரி, மூங்கில் சுவருக்கு ஆகாது. சுவருக்குப் பல்குத்தும் குச்சி போதும். கதவை 38 மி.மீ. வரை உயர்த்துங்கள், பொம்மை அடித்தட்டோடு நிற்கிறது அல்லவா!

கூரைக்கு வருவோம். எல்லோரும் டெடிபேர் ரோமத்தை ஒட்டிச் சீவிவிடுகிறார்கள். புல்வேய்ந்த கூரைக்கு அது பொருந்தலாம், அத்தாப்புக்குப் பொருந்தாது. அத்தாப்பு என்பது நிப்பா பனையோலையைக் குச்சியில் மடித்துத் தைத்த பட்டை. கூரையில் வரிவரியாகத் தெரியும். பழுப்புக் காகிதத்தை 2 செ.மீ. பட்டைகளாக வெட்டி, ஒரு விளிம்பைக் கத்தரியால் நெருக்கமாகக் கீறுங்கள். இறவாரத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள், ஒவ்வொரு வரியும் கீழ்வரியைப் பாதிக்குமேல் மூடட்டும். உச்சியிலிருந்து தொடங்கினால் மழைநீர் உள்ளே போகிற கூரைதான் கிடைக்கும். சரிவும் செங்குத்தாக இருக்கட்டும், அங்கே கொட்டுகிற மழை அப்படி. பொன்மஞ்சள் பூசாதீர்கள், வெயிலும் மழையும் பட்ட ஓலை சாம்பல் பழுப்பாகிவிடும்.

கூரையின் அடிப்பகுதியைத் தெர்மாகோலில் செய்தால், அதில் ஸ்ப்ரே பெயின்டை நேராக அடிக்காதீர்கள், உருகும். நானும் அடித்தேன், கூரை அம்மை வடுபோலக் குழிகுழியானது. முதலில் வெள்ளைப் பசையில் அக்ரிலிக் கலந்து ஒரு பூச்சு, காய்ந்தபின் மற்றது.

அப்புறம், கூரையைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். உள்ளே நாலு சிப்பாய் ஒளிந்தால் எப்படி வைப்பது? மேலும், ரப்பர் தோட்டம் போட்டுவிட்டு வெறும் கம்பத்து வீடுகளை மட்டும் நிறுத்தினால் மேசை பாதிதான் முடிந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகள் எங்கே? ஒரே கூரைக்கடியில் வரிசையாக அறைகள், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம்.