லாரியில் ஒரு குக்கர்: நெடுஞ்சாலையில் அரை மணி நேரச் சமையல்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு வெளிமாநிலங்களுக்குப் போகும் லாரியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். முதல் ஏழு ஆண்டுகள் மூன்று வேளையும் சாலையோரக் கடைச் சாப்பாடுதான். இரவு பதினொரு மணிக்கு நான்கு புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால், ஒரு மணி நேரத்துக்குள் கண் சொருகும். இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வண்டியில் அடுப்பு ஏற்றினேன். அடுப்புப் பக்கமே போகாதவனாக இருந்து கற்றுக்கொண்டவன் என்பதால், அதே நிலையில் இருக்கும் ஓட்டுநர்களுக்கும் கிளீனர் தம்பிகளுக்கும் புரியும்படி இதை எழுதுகிறேன்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல், இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்திருந்தது. அந்த அரை மணி நேரத்துக்குள் முடியும் சமையலைத்தான் இங்கே சொல்கிறேன்.

செட்டிநாட்டுச் சமையல் என்றால் கறியும் காரமும் எண்ணெயும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது விருந்துச் சமையல். எங்கள் வீடுகளில் அன்றாடம் நடப்பது பருப்பும் கீரையும் மண்டிக் குழம்பும்தான். மழை குறைந்த மண் என்பதால், காய் மலிந்த நாளில் அதை வெயிலில் காயவைத்து வற்றலாக்கி, ஆண்டு முழுவதற்கும் டப்பாவில் அடைத்து வைப்பது அப்பத்தா காலத்துப் பழக்கம். ஐஸ்பெட்டி இல்லாத லாரிக்கு அதைவிடப் பொருத்தமான சமையல் இல்லை என்பது என் அனுபவம்.

வண்டியில் ஏற்ற வேண்டியவை

மூன்று லிட்டர் குக்கர், மூடியோடு ஒரு சிறிய பாத்திரம், ஒரு கத்தி, ஒரு கரண்டி, இரண்டு தட்டு, ஒற்றை பர்னர் அடுப்பு, 5 கிலோ சிலிண்டர் ஆகியவை போதும். இந்தச் சிறிய சிலிண்டரை, முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். மளிகையில் அரிசி, பாசிப்பருப்பு, முழுப் பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, புளி, சோம்பு, கடுகு, வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு, நல்லெண்ணெய், கொத்தவரை வற்றல், முண்டு மிளகாய் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் எங்கள் பக்கச் சந்தைகளில் எளிதாகக் கிடைக்கும். சின்ன வெங்காயமும் பூண்டும் காற்றோட்டமான கோணிப் பையில் ஒரு வாரம் தாங்கும். தக்காளி, கீரை, முட்டை ஆகியவற்றை வழியில் அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

கவுனி அரிசியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். நல்ல அரிசிதான், ஆனால் இரவு முழுவதும் ஊறவைத்து, பிறகும் நெடுநேரம் வேகவைக்க வேண்டும் என்பதால், அதை வீட்டில் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

அடுப்பு மூட்டுவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கேபினுக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. அடைத்த இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்கும் குளிருக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே சமைப்பவர், மயக்கம் வருவதை உணர்வதற்கு முன்பே நினைவிழந்துவிடக்கூடும்.

சாலையை விட்டு நன்றாக ஒதுங்கிய சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டீசல் டேங்க் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வண்டியிலிருந்து பத்தடியாவது தள்ளி அடுப்பை வையுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ரெகுலேட்டரை மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள், அன்றைக்கு அடுப்பைத் தொடாதீர்கள். பெட்ரோல் பங்க் வளாகத்திலும், வைக்கோல், பஞ்சு, எரிபொருள் ஏற்றிய வண்டிக்கு அருகிலும் சமைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் சமையல்: பாசிப்பருப்பு முருங்கைக்கீரைச் சாதம்

இது இருவருக்கான அளவு. ஒரு டம்ளர் அரிசியையும் அரை டம்ளர் பாசிப்பருப்பையும் ஒன்றாகக் களைந்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அந்த நேரத்தில் பத்துச் சின்ன வெங்காயத்தையும் ஆறு பல் பூண்டையும் உரித்து, ஒரு தக்காளியை நறுக்கி, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவி அலசி வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கரில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி சோம்பும் இரண்டு முண்டு மிளகாயும் போடுங்கள். சோம்பு பொரிந்து மணம் வந்தவுடன் வெங்காயத்தையும் பூண்டையும் சேர்த்து, வெங்காயம் கண்ணாடிபோல ஆகும்வரை வதக்கி, பிறகு தக்காளியும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் சேருங்கள். தக்காளி குழைந்ததும் அரிசியையும் பருப்பையும் கொட்டி, நாலரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, முக்கால் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கிளறி மூடுங்கள்.

உப்பின் அளவைக் கூட்டாதீர்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான். கடைச் சால்னாவிலும் ஊறுகாயிலும் அதைத் தாண்டிவிடுவது மிக எளிது.

பருப்பு சேரும் சமையலில் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, ஏனென்றால் நுரை பொங்கி வந்து ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிடும். மூன்று விசில் வந்ததும் தீயைக் குறைத்து மூன்று நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர். மூடியைத் திறந்து, கீரையைப் போட்டுக் கிளறி, மூடாமல் சிறு தீயில் மூன்று நிமிடம் வைத்தால் கீரை வெந்துவிடும். மூடி வைத்தால் நிறம் மங்கிக் கசப்புத் தட்டும்.

இரண்டாவது சமையல்: வற்றல் மண்டி

மண்டி என்பது அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் எங்கள் ஊர்க் குழம்பு. முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை அரிசியை நன்றாகப் பிசைந்து களைந்த தண்ணீரில் இரண்டு டம்ளர் எடுத்து வையுங்கள். குழம்புக்குக் கொழகொழப்பைத் தருவது அதுதான். தேங்காயும் வேண்டாம், அரைக்கும் வேலையும் இல்லை.

இதற்கான வேலை காலையில் வண்டி கிளம்பும்போதே தொடங்குகிறது. கால் டம்ளர் கொண்டைக்கடலையைக் கழுவி, மூடி இறுகிய டப்பாவில் நிறையத் தண்ணீரோடு போட்டுவிட்டால், நீங்கள் ஓட்டும் எட்டு மணி நேரத்தில் அது ஊறிவிடும். ஊறவைத்த தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் ஆறு விசில் வேகவையுங்கள். ஒரு கைப்பிடி கொத்தவரை வற்றலைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து எடுத்தால், அதில் ஏறியிருக்கும் உப்பு குறையும்.

பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு, பத்து வெந்தயம், மூன்று மிளகாய் தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, வற்றல் ஆகியவற்றை வதக்குங்கள். வெந்தயம் கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும் என்பதால், அது சிவந்த உடனே வெங்காயத்தைப் போட்டுவிட வேண்டும். பிறகு சிறிய எலுமிச்சை அளவு புளியை மண்டித் தண்ணீரிலேயே கரைத்து வடிகட்டி ஊற்றி, வெந்த கடலையைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கடைசியில் சுவை பார்த்து உப்புச் சேருங்கள். முட்டை இருந்தால் கொதிக்கும் குழம்பில் இரண்டை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடி, ஐந்து நிமிடம் வேகவிடலாம்.

முட்டை சேர்க்காத மண்டியை மறுநாள் காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். சோற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை பெருகி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே வெயிலில் கொதிக்கும் கேபினில் சோற்றை மணிக்கணக்காக வைக்காமல், ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வடியுங்கள்.

காலைக்கு

முந்தைய நாள் காலையில் ஊறவைத்த பச்சைப்பயற்றை மாலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டிக் கேபினில் தொங்கவிட்டால், விடியும்போது முளை விட்டிருக்கும். பச்சையாகச் சாப்பிடாமல் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையோடு ஆறு தேநீர் குடித்தால் 48 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. பெரியவர் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும், ஒரு நாள் முழுவதற்குமான ஏறக்குறைய 50 கிராம் வரம்பு அதிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. நான் முதலில் ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, ஒரு மாதம் பழகிய பிறகு அதையும் அரையாக்கினேன். பகல் தேநீர் இரண்டுக்குப் பதிலாக உப்புக் குறைத்த நீர்மோர் குடிக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுப் புறப்படுங்கள். அடுத்த நிறுத்தத்துக்குள் ஒட்டியிருப்பதெல்லாம் ஊறி, ஒரு தேய்ப்பில் போய்விடும். அப்போதே மறுவேளைக்கான கடலையையும் டப்பாவில் ஊறப் போட்டுவிடலாம்.