பழைய கம்பளி ஆடைகளை ஆன்லைனில் விற்பது எப்படி? படம் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பருத்திச் சட்டையைப் பழையதாக விற்பதில் பெரிய சிரமம் இல்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, நாலு படம் எடுத்துப் போட்டால் போதும். கம்பளி அப்படியல்ல. நம் தலைமுடியும் நகமும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதே கெரட்டினால்தான் அதுவும் ஆனது. அதனால் அதைப் புழு தின்னும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கும். வாடையையும் எளிதில் விடாது. இவற்றில் எதுவும் போட்டோவில் சரியாகத் தெரியாது. வாங்குபவரோ தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறார். புகாரும் ரிட்டர்னும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. அதனால் கேமராவை எடுப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியே இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

படி 1: விற்பதற்காகப் பழைய ஆடையை வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

ஆடையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். உள்ளே கையை விட்டு, விரல்களை விரித்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. பின்னலாடையில் அந்தப் புள்ளி ஒரே துவைப்பில் விரல் நுழையும் ஓட்டையாகிவிடும்.

ஓட்டையைத் தேடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். புழு சில நேரம் துணியைத் துளைக்காது, மேலாக மேய்ந்துவிட்டுப் போகும். கெட்டியான கோட்டில் ரோமம் போய் வழுவழுப்பான தடம் மட்டும் இருக்கும். துணியைப் படுக்கவைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால்தான் அது கண்ணில் படும். காலரின் அடிப்புறம், அக்குள், பாக்கெட் மூலை, பட்டன் பட்டியின் உள்பக்கம் ஆகிய இடங்களை அவசியம் பாருங்கள். வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இருட்டான மடிப்புகள்தான் புழுவுக்கு வசதி. நூலாம்படை மாதிரி மெல்லிய இழைகள் இருந்தால் உஷார். பொடிப்பொடியான எச்சமும் ஓர் அடையாளம். தின்ற துணியின் நிறத்திலேயே அது இருப்பதால் பலர் தூசி என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. தின்பது அதன் புழுதான். பறப்பதை அடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், மடிப்புக்குள் முட்டை அப்படியே இருக்கும்.

படி 2: வீட்டுக்குள் வந்ததும் ஃப்ரீசர்

புதிதாக வாங்கி வந்த எதையும் ஏற்கெனவே இருக்கும் சரக்கோடு சேர்க்காதீர்கள். ஆரம்பத்தில் இருப்பவர்கள் அவசரத்தில் தவறவிடும் படி இதுதான். ஒரே ஒரு ஸ்வெட்டரில் வரும் முட்டைகள் அலமாரி முழுவதையும் கெடுத்துவிடும்.

ஆடை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த துணியில் காற்றின் ஈரம் படிந்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு முழு நாள் மூடியபடியே கிடக்கட்டும். அப்புறம் வெளியில் உதறி, மென்மையான பிரஷ்ஷால் தையல் ஓரங்களைத் துடைத்துவிடுங்கள்.

அந்துருண்டை போதாதா என்று கேட்பீர்கள். அதிலிருந்து வரும் நாப்தலின் ஆவி நன்றாக மூடிய பெட்டிக்குள் அடர்த்தியாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அதைச் சுவாசிப்பது உடம்புக்கு நல்லதல்ல. அதோடு அந்த வாடை கம்பளியில் ஏறினால் லேசில் போகாது. பார்சலைப் பிரித்ததும் அந்துருண்டை வாடை அடித்தால், வாங்கியவர் போட்டுப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்.

படி 3: என்ன இழை என்று உறுதி செய்யுங்கள்

லேபிள் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். தூய கம்பளி என்பதைக் காட்டும் வூல்மார்க் சின்னம் அறிமுகமானது 1964இல். ஆகவே அந்தச் சின்னம் உள்ள ஆடையை அதற்கு முந்தைய காலத்தது என்று சொல்ல முடியாது. ட்வீட் என்பது கோட்டு தைக்கும் தடித்த கம்பளித் துணி. அதில் ஹாரிஸ் ட்வீட் என்ற பெயருக்கு 1993ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுவாசிகள் தங்கள் வீடுகளில் கையால் நெய்த துணிக்கு மட்டுமே அந்தப் பெயர். பார்க்க அதே மாதிரி இருக்கிறதே என்று வேறொரு ட்வீட்டுக்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

லேபிள் இல்லையென்றால், உள்தையலிலிருந்து துணியின் சொந்த இழை ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்து, பாதுகாப்பான இடத்தில் எரித்துப் பாருங்கள். தைத்த நூலை எடுத்துவிடாதீர்கள், அது பருத்தியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கலாம். கம்பளி மெதுவாக எரிந்து, தீயை எடுத்ததும் அணையும். முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழையான அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பட்டு, அல்பாகா (தென் அமெரிக்க விலங்கு ஒன்றின் ரோமம்), காஷ்மீர் (ஒருவகை ஆட்டின் மென்மையான ரோமம்) எல்லாமே ஏறக்குறைய கம்பளி மாதிரியேதான் எரியும். தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாமா என்றால், காஷ்மீர் இழையின் தடிமன் பொதுவாக 19 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மெரினோ செம்மறியின் நல்ல கம்பளியும் அதே மென்மையில் கிடைக்கிறது. ஆகவே ஆதாரம் இல்லாமல் காஷ்மீர் என்று எழுதுவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். “லேபிள் இல்லை, எரித்துப் பார்த்ததில் விலங்கு இழை போலத் தெரிகிறது” என்று எழுதுங்கள். நேர்மையான அந்த ஒரு வரி பின்னால் வரும் பெரிய சண்டையைத் தவிர்க்கும்.

ஷாதூஷ் சால்வை என்று யாராவது கொடுத்தால் தொடவே வேண்டாம். சிரு என்னும் திபெத்திய மான் இனத்தைக் கொன்று எடுக்கும் ரோமம் அது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு என்பதால் அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை இருக்கிறது.

படி 4: துவைப்பதற்கு முன்பே அளந்து கொள்ளுங்கள்

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரம், சூடு, அசைவு மூன்றும் சேர்ந்தால் இந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும். இறுகியதைப் பழையபடி கொண்டுவர முடியாது. ஆடை விற்கப் போகிறோம் என்ற ஆசையில் மெஷினில் போட்டுச் சுழற்றினால், எடுக்கும்போது குழந்தை அளவு ஸ்வெட்டர்தான் கையில் இருக்கும்.

முதலில் ஆடையைச் சமதளத்தில் விரித்து அளவுகளை எழுதி வையுங்கள். 30 டிகிரிக்கு மேற்படாத நீரில் கம்பளிக்கான திரவ சோப்பைக் கரைத்து ஆடையை அமிழ்த்துங்கள், மெல்ல அமுக்கிவிடுங்கள். தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். பிளீச் பக்கமே போகாதீர்கள், அது கம்பளியைக் கரைத்தே விடும். கறையை நீக்கப் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சேர்த்த சலவைப் பொடிகளும் வேண்டாம், அவை இழையையும் பதம் பார்க்கும்.

நனைந்த ஆடையை இரு கைகளாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் வடியும். பிறகு எழுதி வைத்த அளவுக்கு மெல்ல இழுத்துச் சரிசெய்து, நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும். லைனிங் வைத்துத் தைத்த கோட்டுகளை நீரில் நனைக்காமல் டிரை கிளீனிங் கொடுப்பதே நல்லது.

வாடையைப் பற்றி ஒன்று: பல நாள் பக்கத்தில் வைத்திருந்தால் உங்கள் மூக்குக்கு அது பழகிப்போயிருக்கும். வேறொருவரிடம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: பிசிறும் ஓட்டையும்

அக்குளிலும் பக்கங்களிலும் உருண்டு நிற்கும் பிசிறுகளைச் சிறு ஷேவராலோ சீப்பாலோ எடுத்துவிடலாம், அழுத்தாமல். சிறு ஓட்டையை அதே நிற நூலால் இழையோட்டுங்கள். ஓட்டிய இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 6: படமும் விளக்கமும்

பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கறுப்பு, கருநீலக் கம்பளியில் தூசியும் முடியும் பளிச்சென்று தெரியும் என்பதால் முதலில் ஒட்டும் ரோலரை ஓட்டி அவற்றை எடுத்துவிடுங்கள். முன், பின், லேபிள், மணிக்கட்டுப் பட்டி, ஒவ்வொரு குறைக்கும் ஒரு கிட்டப்படம். குறையின் பக்கத்தில் இன்ச் டேப் இருக்கட்டும். ‘சிறு ஓட்டை’ என்றால் ஆளுக்கொரு அளவு நினைப்பார்கள்.

லேபிளில் இருக்கும் சைஸை மட்டும் நம்பி எழுதாதீர்கள். பல துவைப்புக்குப் பின் அது பொருந்தாமல் போயிருக்கலாம். விளக்கம் இப்படி இருந்தால் போதும்:

“ஆண்கள் ஸ்வெட்டர், லேபிளில் 100 சதவீதக் கம்பளி. காய்ந்தபின் சமதளத்தில் அளந்தது: அக்குளுக்கு அக்குள் 54 செ.மீ., தோள் முதல் கரை வரை 66 செ.மீ., கை 61 செ.மீ. இடது முழங்கையில் 4 மி.மீ. ஓட்டை இழையோட்டப்பட்டுள்ளது, 5ஆம் படம். கொஞ்சம் சொரசொரப்பு, உள்ளே சட்டை போட்டு அணியலாம். ஃப்ரீசரில் வைத்து, கையால் துவைத்தது.”

அந்தச் சொரசொரப்பு வரியை விட்டுவிடாதீர்கள். ‘குத்துகிறது’ என்ற காரணத்துக்காகத் திரும்பி வரும் கம்பளி நிறைய.

படி 7: விலை, பருவம், அனுப்புதல்

பேக் செய்தபின் எடை போட்டு, அனுப்பும் செலவைத் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் விலை வையுங்கள். கனமான கோட்டில் லாபம் முழுவதும் கூரியருக்கே போய்விட வாய்ப்புண்டு. குளிர் தொடங்கச் சில வாரம் முன்பே விற்பனைக்கு வைத்துவிடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப முடிந்தால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, சிலி நாடுகளில் குளிர்காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

மழையில் நனையாதபடி உள்ளே பிளாஸ்டிக் உறை அவசியம். காற்றை உறிஞ்சும் பை பயணத்துக்குச் சரி, ஆனால் விற்காத சரக்கை மாதக்கணக்கில் அதில் நசுக்கி வைத்தால் மடிப்பு விழுந்து நிற்கும். துவைத்துக் காயவைத்து, மூடி போட்ட பெட்டியில் தளர்வாக அடுக்கி, அவ்வப்போது எடுத்து உதறிப் பாருங்கள்.

ரிட்டர்ன் வந்தால் பணத்தைத் திருப்புவதற்கு முன் அளவுகளையும் படங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கியவர் மெஷினில் போட்டிருந்தால் நீங்கள் எழுதி வைத்த அளவே சாட்சி. சரியாக இருந்தால் உடனே பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஆடையை மறுபடி 2 வாரம் ஃப்ரீசரில் வைத்த பிறகே சரக்கோடு சேர்க்கவும். அது இடையில் யார் அலமாரியில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.